போர்ட்ஸ்மத் இறங்கியது 9 புள்ளியாலா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நம்ம பந்து ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "2010-இல் கடனுக்காக 9 புள்ளி வெட்டியதால்தான் இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப் போர்ட்ஸ்மத், அங்கத்திய உச்ச லீக்கான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, இல்லாவிட்டால் தப்பியிருக்கும்." தப்பு. அந்தப் பருவத்தின் கடைசிப் பட்டியலைப் பாருங்கள், போர்ட்ஸ்மத் 19 புள்ளி. வெட்டிய ஒன்பதைத் திருப்பிக் கொடுத்தாலும் 28தான், மேலே இருந்த ஹல், பர்ன்லி இரண்டுக்கும் ஆளுக்கு 30, தப்பித்த வெஸ்ட் ஹாமுக்கு 35. ஆக, அப்போதும் கடைசி இடம்தான்.

வெட்டு வந்ததே திவாலுக்கு முந்திய நிலையான அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனதால். பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே அப்படிப் போன முதல் கிளப் அதுதான். 2008-இல் எஃப்ஏ கோப்பை தூக்கிய அணி! வருமானத்துக்கு மீறிய சம்பளம், ஒரே பருவத்தில் நான்கு உரிமையாளர்கள், மாதச் சம்பளமே தாமதம், 10 கோடி பவுண்டுக்கு மேல் கடன், பிறகு எங்கே உருப்படுவது?

"ஆட்டக்காரர்கள்தான் ஏமாந்தார்கள்" என்று அதே செய்தியில் ஒரு வரி வேறு. அதுவும் சரியில்லை. ஆட்டக்காரர்களுக்கும் மற்ற கிளப்களுக்கும் தரவேண்டியதை முழுசாகத் தர வேண்டும் என்பது அங்கே லீக் விதி. வரித்துறைக்கும் உள்ளூர்ச் சிறு வியாபாரிகளுக்கும் முன்வைத்தது பவுண்டுக்கு 20 பென்ஸ், அதாவது கடனில் ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் தவணையில். மைதானத்தில் முதலுதவி செய்த செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ்கூட அந்தக் கடன்காரர் வரிசையில்தான் நின்றது.