உலக வரலாறு: ஆண்டு மட்டும் போதாது, வரிசை வேண்டும்
ஆண்டுகளை மனப்பாடம் செய்தால் உலக வரலாற்றுத் தாளில் தேறலாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. தேறலாம், ஆனால் பத்து மார்க் கேள்வி கைவிட்டுவிடும். 1914 ஜூன் 28 சரயேவோ கொலையை (ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் சுடப்பட்டதை) எழுதிவிட்டு நேரே முதல் உலகப் போருக்குத் தாவுவதுதான் வழக்கமான தவறு. ஜூலை 23 செர்பியாவுக்கு ஆஸ்திரியாவின் இறுதி எச்சரிக்கை, 28 செர்பியா மீது போர், ஆகஸ்ட் 1 ரஷ்யா மீது ஜெர்மனி, 4 ஜெர்மனி மீது பிரிட்டன் என்று வரிசையாக எழுதினால்தான் கூட்டணிகள் ஒன்றையொன்று இழுத்துவிட்டது விளங்கும். நோட்டில் நாள், யார், ஏன் என்று மூன்று கட்டம் போடுங்கள். ‘ஏன்’ காலியாக இருந்தால் அந்தப் பாடம் இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

நெல்லைப் பிள்ளைகள் அமெரிக்க உள்நாட்டுப் போரை (1861–65) நம்ம கரிசல் பருத்தியிலிருந்தே பிடிக்கலாம். பருத்தி ஏற்றுமதியான தென்மாநிலத் துறைமுகங்களை வடக்கு முற்றுகையிட, இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளுக்குப் பஞ்சு வரத்து முடங்கியது. இந்தியப் பருத்தி விலை எகிறியது, போர் முடிந்ததும் சரிந்தது. 1917இல் வந்த திருநெல்வேலி மாவட்ட கெசட்டியரையும் (மாவட்ட விவரத் தொகுப்பு நூல்) பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.