பரிசு வேண்டாம், நேரம் கொடுங்கள்

குழந்தைகளின் கற்பனைத் திறனுக்கென்று வருடத்தில் ஒரு நாள் வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அதை முழு மனதோடு ஏற்கிறேன். நவம்பர் 20 உலகக் குழந்தைகள் தினமாக இருப்பதற்குக் காரணம் உண்டு, 1959இல் ஐ.நா.வின் குழந்தைகள் உரிமைப் பிரகடனமும் 1989இல் உரிமைகள் உடன்படிக்கையும் அதே தேதியில்தான் நிறைவேறின. அந்த உடன்படிக்கையின் 31ஆவது பிரிவைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஓய்வு, விளையாட்டு, கலைகளில் பங்கேற்பது எல்லாமே குழந்தையின் உரிமை என்கிறது அது, நாம் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகை இல்லை.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? குழந்தைகள் தினத்தன்றும் ஓவியப் போட்டி வைத்து, தலைப்பையும் நாமே சொல்லி, மூன்று பேருக்குப் பரிசு கொடுத்துவிட்டு மற்ற பிள்ளைகளை வாடிய முகத்தோடு வீட்டுக்கு அனுப்புகிறோம். போட்டியே வேண்டாம். தாள், களிமண், பழைய அட்டைப்பெட்டி இவற்றைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் சும்மா பக்கத்தில் உட்காரட்டும்.

என் மகள் ஒருமுறை ஊதா நிறத்தில் மரம் வரைந்தாள். 'மரம் பச்சையாகத்தானே இருக்கும்' என்று சொல்லிவிட்டேன், அப்படியே தாளை மடித்து வைத்துவிட்டாள், இன்றும் உறுத்துகிறது. இப்போதெல்லாம் 'இதுல என்ன கதை, சொல்லு' என்றுதான் கேட்கிறேன். அவள் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆகிறது.