சமரசம் நடக்கவில்லை

‘கப்டன் அமெரிக்கா: சிவில் வோர்’ (2016) படத்தின் முடிவில் கப்டன் அமெரிக்காவான ஸ்டீவும் அயர்ன் மேனான டோனியும் சமரசமாகி, அவர்களைப் பிரித்த சொக்கோவியா உடன்படிக்கையும் (அதிமனித வீரர்களை ஐ.நா.வின் கட்டுப்பாட்டில் வைக்கும் ஒப்பந்தம்) கைவிடப்படுகிறது என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 117 நாடுகள் ஏற்ற அந்த உடன்படிக்கை இறுதிவரை நடைமுறையில்தான் இருக்கிறது. ஸ்டீவின் பக்கம் நின்றவர்கள் கடல்நடுச் சிறையில் அடைபட்டதும் அதனால்தான்.

கடைசிச் சண்டை உடன்படிக்கையைப் பற்றியதே அல்ல. 1991 டிசம்பர் 16 அன்று தன் பெற்றோரைக் கொன்றவர் ஸ்டீவின் பழைய நண்பர் பக்கி என்பதும், ஸ்டீவ் அதை அறிந்தும் மறைத்தார் என்பதும் தெரியவந்த கணத்தில், டோனியிடம் கொள்கை வாதம் கரைந்து மகனின் வேதனை மட்டுமே எஞ்சுகிறது. கேடயம் தன் தந்தை செய்தது, அதற்கு நீ தகுதியற்றவன் என்று டோனி கத்த, பிளாக் பாந்தரான டீச்சல்லாவின் நகக்கீறல்கள் பதிந்த அதை ஸ்டீவ் கீழே போட்டுவிட்டு நடக்கிறார். அந்தக் காட்சியில் கொழும்புத் திரையரங்கு முழுவதும் மௌனமாகியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு ஸ்டீவ் டோனிக்கு அனுப்பும் கடிதமும் பழைய மடிப்புக் கைத்தொலைபேசியும், தேவைப்பட்டால் வருவேன் என்ற உறுதிமொழி மட்டுமே. பகையை உண்மையில் கைவிடுபவர் டீச்சல்லாதான்: தன் தந்தையைக் கொன்ற, படத்தின் வில்லனான சீமோவைப் பழிவாங்காதது மட்டுமன்றி, அவர் தன்னையே சுட்டுக்கொள்ள முயலும்போது தடுத்தும்விடுகிறார்.