வயது வரம்பு பைக்குக்கு இருக்கட்டும், ஓட்டுபவருக்கு வேண்டாம்

பழைய மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸ் போட்டிகளில் ஓட்டுபவருக்கு வயது வரம்பு வைக்க வேண்டும் என்ற பேச்சு இங்கே இங்கிலாந்தில் மறுபடி கிளம்பியிருக்கிறது. நாற்பதுக்குக் கீழே இருப்பவர்களைச் சேர்க்காதீர்கள் என்கிறார்கள் சிலர். எழுபத்தைந்தைத் தாண்டியவர்களை இனிப் பாதுகாப்பாக வீட்டில் இருக்கச் சொல்லுங்கள் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சும் எனக்கு வருத்தம் தருகின்றன. இரண்டையும் எதிர்க்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ட்ரையல்ஸ் பார்த்திராத நண்பர்களுக்காக: இதில் யார் முதலில் வந்தார் என்ற கேள்வியே கிடையாது. ஓடை, பாறை, மர வேர், சேற்று ஏற்றம் என்று குறிப்பலகை வைத்துப் பிரித்த சின்னச் சின்னப் பாதைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் செக்‌ஷன் என்று பெயர். காலைத் தரையில் ஊன்றாமல் கடந்தால் பூஜ்யம். ஒரு முறை ஊன்றினால் 1, இரண்டு முறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ, எல்லையை விட்டு வெளியே போனாலோ 5. கடைசியில் குறைந்த புள்ளி வைத்திருப்பவர் ஜெயிப்பார். வேகம் பெரும்பாலும் நாம் நடக்கிற வேகம்தான். கிளட்சும் ஆக்சிலரேட்டரும் உடம்பின் எடையும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு செக்‌ஷனிலும் புள்ளி குறிக்க ஒரு அப்சர்வர் நிற்பார். சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு அப்படி நிற்பவர்களில் நானும் ஒருவன்.

இதில் பழைய பைக்குகளுக்கென்று தனிப் போட்டிகள் உண்டு. 1965-க்கு முன் வந்த பிரிட்டிஷ் பைக்குகளுக்கு 'ப்ரீ-65'. அதற்குப் பின் வந்த, பின்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பர் வைத்த புல்டாக்கோ, மாண்டெசா, ஒஸ்ஸா மாதிரி வண்டிகளுக்கு 'ட்வின்ஷாக்'. ஸ்காட்லாந்தில் கின்லாக்லெவன் ஊரைச் சுற்றி நடக்கிற ப்ரீ-65 இரண்டு நாள் போட்டியில் இடம் கிடைப்பதையே பெரிய பாக்கியமாக நினைப்பவர்கள் உண்டு.

நாற்பதுக்குக் கீழே வேண்டாம் என்பவர்களின் ஆதங்கத்தை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அது வெறும் பொறாமை கிடையாது. நவீன ட்ரையல்ஸில் கை தேர்ந்த ஒரு இளைஞர் பழைய ட்ரையம்ப் டைகர் கப்பில் வந்து எல்லா செக்‌ஷனையும் பூஜ்யத்தில் முடித்துவிடுகிறார். அவரைப் போல நாலு பேர் வந்தால் யார் முதல் என்று பிரிக்க முடியவில்லை. போட்டி நடத்துபவர் அடுத்த முறை பாறையைப் பெரிதாகத் தேர்ந்தெடுக்கிறார், திருப்பத்தை இறுக்குகிறார். அந்த நாலு பேருக்காகக் கடினமாக்கிய செக்‌ஷனில் அறுபத்தெட்டு வயதுக்காரர் காலை முதல் மாலை வரை ஐந்து ஐந்தாக வாங்கிக்கொண்டு போகிறார். முழங்காலில் அடி, வளைந்த ஹேண்டில்பார். அடுத்த மாதம் அவர் வருவதில்லை. யாருடைய இளமையை நினைவில் வைத்து இந்தப் போட்டி ஆரம்பித்ததோ, அவர்களே வெளியே நிற்கிறார்கள். இது நடக்கிறது. நானும் பார்க்கிறேன்.

ஆனால் இந்த வண்டிகள் புதிதாக இருந்தபோது இவற்றை ஓட்டியவர்கள் யார்? ஜானி பிரிட்டன் என்ற வீரர் 1952-இல், ஸ்காட்லாந்தில் ஆறு நாள் நடக்கிற ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரையலை வென்றபோது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. 1957-இல் மறுபடி வென்றார். சாமி மில்லர் 1959-இல் தொடங்கி 1969 வரை தொடர்ந்து 11 முறை பிரிட்டிஷ் சாம்பியன். முதல் பட்டத்தின்போது அவருக்கு வயது 25. அவர் ஓட்டிய ஏரியல் எச்டி5, நம்பர் ஜிஓவி 132, இன்றைக்கு நாம் கைகூப்பிப் பார்க்கிற வண்டி. அன்று அதன் மேல் நின்றது ஒரு இளைஞனின் உடம்பு. இன்றைய இருபத்தைந்து வயதுக்காரனிடம் 'இது உன் வண்டி இல்லை' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஜானி பிரிட்டனின் வெற்றி இரண்டும் ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் வந்தவை என்பது நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. 1948-இல் கோல்மோர் கோப்பை ட்ரையலில் அந்தப் புல்லட்டின் முன்மாதிரிகள் வந்தபோது, பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் வைத்தால் பிடிமானம் போய்விடும் என்றுதான் ட்ரையல்ஸ் ஆட்கள் பெரும்பாலும் நம்பினார்கள். ஓடிக் காட்டித்தான் அந்த எண்ணத்தை மாற்ற முடிந்தது. 1955-இல் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் வேர் பிடித்த புல்லட் அந்தக் குடும்பம்தான். இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் இருந்த என்ஃபீல்டு ஆலை மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பழைய பிஎஸ்ஏ போய்விட்டது, பழைய ஏரியலும் போய்விட்டது. வடசென்னையில் பிழைத்துக்கொண்ட ஒரு வண்டியின் மூதாதை இங்கே சேற்றில் ஏறுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

சரி, சிக்கல் எங்கே இருக்கிறது? என் பார்வையில் பாதி வண்டியில் இருக்கிறது. ப்ரீ-65 என்ற பெயரில் வருகிற சில பைக்குகளில் 1965-க்கு முந்தையது என்று தொட்டுக் காட்ட இன்ஜின் உறை மட்டும்தான் மிச்சம். போல்ட் எல்லாம் டைட்டானியம். சக்கரத்தின் நடுப்பகுதி கட்டி அலுமினியத்தில் கடைந்தது. பழைய ஃபோர்க் குழாய்க்குள்ளே புதிய பாகங்கள். இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுத்த பழைய மேக்னெட்டோ இருந்த இடத்தில் எலெக்ட்ரானிக் இக்னிஷன். இப்படி ஒரு வண்டி கட்ட ஆகும் பணத்தில் புத்தம்புது போட்டி பைக்கே வாங்கிவிடலாம். மில்லர் தன் ஏரியலை வருடக்கணக்கில் செதுக்கிச் செதுக்கி ஏறத்தாழ 110 கிலோவுக்குக் கொண்டுவந்தார். அதுவும் மாற்றியமைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் செய்தது அவர் காலத்து உலோகத்தில், அவர் காலத்து அறிவில். பைக்கின் வயதைக் கறாராகச் சோதியுங்கள். டிரம் பிரேக் டிரம் பிரேக்காகவே இருக்கட்டும். வண்டி உண்மையிலேயே கனமாக, மெத்தனமாக இருந்தால், இளைஞனின் சாதகத்தில் பெரும் பங்கு தானாகக் கரைந்துவிடும். கனமான நாலு ஸ்ட்ரோக் வண்டியில் துள்ளிக் குதித்துப் பாதை மாற்ற முடியாது. போக வேண்டிய தடத்தை முன்கூட்டியே படித்து, ஒரே இழுவையில் போக வேண்டும். அந்தக் கலையில் அனுபவத்துக்குத்தான் முதல் மரியாதை.

மிச்சப் பாதி, செக்‌ஷன் அமைப்பதில் இருக்கிறது. ஒரே செக்‌ஷனில் கடினம், எளிது என்று இரண்டு மூன்று பாதைகள் குறிப்பது இங்கே சாதாரண வழக்கம். பாதி செக்‌ஷனைக் கடினமாகவும் பாதியை எளிதாகவும் ஓட்டுகிற 'ஃபிஃப்டி ஃபிஃப்டி' வகுப்புகூட உண்டு. இந்த வசதி இருக்கும்போது எதற்குப் பிறந்த தேதி? நிற்கக் கூடாது என்ற விதியையும் விடாமல் கடைப்பிடிக்க வேண்டும். முன்னோக்கிப் போவது நின்றால் 5. நின்று, பேலன்ஸ் பிடித்து, முன்சக்கரத்தைத் தூக்கி நகர்த்துவது நவீன ட்ரையல்ஸின் வித்தை. அதைப் பழைய வண்டிப் போட்டியில் அனுமதித்தால் செக்‌ஷனும் அந்த வித்தையைக் கேட்கிற மாதிரிதான் அமையும். அப்புறம் முதியவர்களுக்கு அங்கே இடமில்லை.

அடுத்து, எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள் வேண்டாம் என்கிற வரம்பு. இதை முன்வைப்பவர்கள் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். எழுபத்தெட்டு வயதில் 500 சிசி வண்டியைக் கிக் செய்யும்போது கிக்கர் திருப்பி அடித்தால் கணுக்கால் என்னாகும்? விழுந்து வண்டி மேலே சாய்ந்தால்? நியாயமான பயம். ஆனால் எழுபத்தைந்து என்ற எண் அந்தப் பயத்துக்கு எந்தப் பதிலும் சொல்வதில்லை. அறுபதில் இதயக் கோளாறை மறைத்துக்கொண்டு வருபவரை அது உள்ளே விடும். எண்பதில் நிதானமாக எளிய பாதையில் ஓட்டுபவரை வெளியே தள்ளும். சாலை வழியே செக்‌ஷன்களுக்குப் போகிற போட்டிகளுக்கு லைசென்ஸ் வேண்டும். பிரிட்டனில் 70 வயதானதும் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு முறை. உடல்நிலையைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும், பார்வை சரியாக இருக்க வேண்டும். அரசாங்கமே இந்த வயதுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று கோடு கிழிக்கவில்லை. நடை வேகத்தில் ஓட்டுகிற விளையாட்டில் நாம் ஏன் கிழிக்க வேண்டும்?

வயது இந்த விளையாட்டில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ட்ரையல்ஸ் வீரர் டூகி லாம்ப்கின் போதும். ஆறு நாள், நாளுக்கு 30 செக்‌ஷன் என்று மனிதரைப் பிழிந்தெடுக்கிற ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸை 2017-இல் அவர் 12-ஆவது முறையாக வென்றார். அப்போது அவருக்கு வயது 41. எதிர்த்து ஓட்டியவர்களில் அவர் வயதில் பாதியே ஆனவர்களும் இருந்தார்கள். அவருடைய அப்பா மார்ட்டின் 1975-இல் முதல் உலக சாம்பியன். பெரியப்பாக்கள் ஆர்தரும் ஆலனும் 1963-இலும் 1966-இலும் இதே ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸை வென்றவர்கள். அப்படிக் கைமாறி வருகிற அறிவு வேலியைத் தாண்டி வராது. ஸ்டார்ட் செய்யும் முன் அமல் கார்புரேட்டரின் பொத்தானை அழுத்திப் பெட்ரோல் நிரப்புகிற 'டிக்கிள்' வேலையை எவ்வளவு நேரம் செய்ய வேண்டும், ஈரத்தில் டயர் காற்றை எவ்வளவு இறக்க வேண்டும், இதையெல்லாம் ஒரு பெரியவர் செக்‌ஷன் வரிசையில் காத்திருக்கும்போதுதான் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். நான் நிற்கிற இடத்திலிருந்து அந்தப் பேச்சு கேட்கும். இரண்டு வயதினரையும் தனித்தனி மைதானத்துக்கு அனுப்பிவிட்டால், இன்னும் இருபது வருடத்தில் இந்த வண்டிகளை ஸ்டார்ட் செய்யத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

வயதுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்றால் அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. அறுபதுக்கு மேல், எழுபதுக்கு மேல் என்று தனிப் பரிசு கொடுங்கள். இரண்டு பேர் சமப் புள்ளியில் நின்றால் மூத்தவருக்கு வெற்றி கொடுங்கள். இடங்கள் குறைவாக இருந்து குலுக்கல் நடத்தும் போட்டிகளில் ஒரு பங்கை மூத்தவர்களுக்கு ஒதுக்குங்கள். யாருக்கு வேண்டுமானாலும், எந்த வயதானாலும், வண்டியைத் தூக்கிவிட, கிக் செய்து கொடுக்க ஒரு உதவியாளரை உடன் நடக்க விடுங்கள். எங்கள் கிளப்பின் ஆண்டுக் கூட்டத்தில் வயது வரம்புத் தீர்மானம் வந்தால் எதிர்த்துக் கை தூக்குவேன். அதற்குப் பதிலாக இந்த நாலையும், வண்டிச் சோதனையையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். இங்கே ஓட்டுகிற, பார்க்கிற தமிழ் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கிளப்பிலும் பேசிப் பாருங்கள்.