அகலிகையின் கல்லைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு

கம்பராமாயணத்து அகலிகையைக் கூண்டில் ஏற்றிக் கடந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த வழக்காடு மன்றத்தின் காணொளியை இதற்குள் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்; ஆகவே முழுவதையும் நான் விவரிக்கப் போவதில்லை. கதை இதுதான்: கௌதம முனிவனின் மனைவி அகலிகையை, தேவர்களின் அரசன் இந்திரன் முனிவனின் உருவில் வந்து கூடினான்; முனிவனின் சாபத்தால் அவள் கல்லானாள், பின்பு இராமனின் பாதத்துகள் பட்டு எழுந்தாள். அகலிகைக்காக வாதாட வந்த உயர்தர வகுப்பு மாணவி, அவள் கல்லாய்க் கிடந்ததைக் குற்றவுணர்வின் வடிவமாகப் பார்க்கலாம் என்று சொல்லி முடிப்பதற்குள், நடுவர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்து, "பிள்ளை, கல் எண்டால் கல்லுத்தான். குறியீடு எண்டதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன சரக்கு, கம்பனுக்கு அது தேவையில்லை" என்றார். மண்டபம் சிரித்தது. அந்தப் பிள்ளை கையிலிருந்த கடதாசியை நான்காக மடித்துக்கொண்டு தன் கதிரைக்குத் திரும்பியது. நடுவரின் கருத்தை விட அந்தச் சிரிப்புத்தான் மூன்று நாட்களாக என்னை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது.

அந்தப் பிள்ளை சொன்னது சரி. குறியீட்டைக் குறியீடாக வாசிப்பது வெளியிலிருந்து எங்களுக்கு வந்த பழக்கம் அல்ல. ஒரு பெண்ணின் குற்றத்தை மூடி மறைக்கும் தந்திரமும் அல்ல. சொல்லும் காட்சிக்குள் சொல்லாத பொருளை வைப்பதற்கு உள்ளுறை உவமம் என்றும் இறைச்சி என்றும் பெயரிட்டுத் தொல்காப்பியர் இலக்கணம் வகுத்து வைத்திருக்க, அதை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று தமிழறிந்த ஒருவரே தமிழ் மேடையில் நின்று சொல்வதைக் கேட்க நேர்ந்தது எனக்குப் பெரிய வேதனை. குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். தலைவன் தன்னைக் கூடிய அன்று சாட்சிக்கு வேறெவரும் இருக்கவில்லை என்று கலங்கும் தலைவி, ஒரு குருகு மட்டும் அங்கே நின்றது என்கிறாள். தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி நின்றதாம். இரையிலேயே கண்ணாக நின்ற அந்தப் பறவையில் தலைவனும் இருக்கிறான், அவனை நம்பியவளுடைய அச்சமும் இருக்கிறது என்று நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் படிப்பித்து வருகிறோம். அப்படி எழுதிய பிள்ளைக்குப் பரீட்சையில் புள்ளியும் கொடுக்கிறோம். கபிலரின் குருகுக்கு உள்ள உரிமை கம்பனின் கல்லுக்கு ஏன் இல்லை?

இலக்கணம் வேண்டாம், கோயிலுக்கே வாருங்கள். கந்தசட்டி முடிவில் எங்கள் கோயில் வீதிகளில் சூரன் போர் நடக்கிறது. சூரனின் தலையை மாற்றி மாற்றிப் பொருத்துகிறார்கள். கடைசியில் மாமரக் கொப்போடு அவன் வருகிறான். வேல் பட்டதும் சேவலும் மயிலும் ஆகிறான். சூரபன்மனும் அவன் தம்பியரும் உயிரைக் கட்டும் மும்மலங்கள், சூரபன்மன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்று புராணத்துக்குப் பயன், அதாவது பொருள், சொல்பவர் சொல்லும்போது அங்கே எவரும் சிரிப்பதில்லை. என் அப்பா எங்கள் ஊர்க் கோயிலில் கந்தபுராணத்துக்குப் பயன் சொன்னவர். இன்னொருவர் பாட்டை இழுத்து வாசிக்க, அப்பா சீர் பிரித்துப் பொருள் சொல்லுவார். மாமரம் வரும் இடத்தில் சற்று நிறுத்தி, "மரமாய் நிண்டாலும் ஆணவம் ஆணவந்தான், பாருங்கோ" என்பார். மணலில் சம்மணமிட்டு இருந்த கிழவர்கள் தலையசைப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட வெள்ளைக்காரனிடம் படித்தவர் அல்லர். பக்தி நூலைக் குறியீடாக வாசிப்பது பாவம் என்று எழுதியிருப்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. சூரனுக்குப் பாவமில்லாதது அகலிகைக்கு மட்டும் எப்படிப் பாவமாகிறது?

இனிக் கம்பனுக்கே வருவோம், கம்பனுக்குத் தேவையில்லை என்று சொல்லப்பட்டபடியால். வான்மீகியின் பால காண்டத்தில் அகலிகை கல்லாவதே இல்லை. காற்றை உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, எவர் கண்ணிலும் படாமல் வாழ்கிறாள். கல்லுருவம் கம்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பரிபாடலின் 19ஆம் பாட்டில் இருக்கிறது. திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் காட்டி, இவன் இந்திரன், இவள் அகலிகை, கௌதமன் சினந்ததால் இவள் கல்லான விதம் இது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நடப்பவர்களை அந்தப் பாட்டில் காணலாம். இரண்டு வழியும் கம்பனின் முன்னே இருந்தன. அவன் கல்லை எடுத்தான். காரணமில்லாமலா எடுத்தான்?

நடுவர் அன்று உரத்து வாசித்த பாட்டை நானும் மறைக்கவில்லை. "உணர்ந்தனள், உணர்ந்த பின்னும், தக்கது அன்று என்ன ஓராள், தாழ்ந்தனள்" என்கிறான் கம்பன். வந்திருப்பவன் கணவன் அல்லன் என்று தெரிந்த பிறகும் அவள் விலகவில்லை. சபலம் அங்கே இருந்தது. கம்பன் அதை ஒளிக்கவில்லை, நானும் ஒளிக்கவில்லை, அந்தப் பிள்ளையும் ஒளிக்கவில்லை. காணொளியை மறுபடி கேளுங்கள். அவள் குற்றமற்றவள் என்று அந்தப் பிள்ளை ஓரிடத்திலும் சொல்லவில்லை.

ஆனால் அடுத்த பாட்டை ஏன் வாசிக்கவில்லை? முனிவன் வந்துவிட்டான். "நிரந்தரம் உலகில் நிற்கும் நெடும் பழி பூண்டாள் நின்றாள், புரந்தரன் நடுங்கி, ஆங்கு ஓர் பூசை ஆய்ப் போகலுற்றான்" என்று எழுதுகிறான் கம்பன். தேவர்களின் அரசன் பூனையாகி நழுவப் பார்க்கிறான். அவள் ஓடவில்லை, ஒளியவில்லை, அப்படியே நிற்கிறாள். சாபம் இன்னும் வரவில்லை; முனிவன் வாய்கூடத் திறக்கவில்லை. அதற்குள்ளாகவே அவளிடத்தில் அசைவு இல்லை. "கல் இயல் ஆதி" என்ற சொல், ஏற்கெனவே உள்ளே இறுகிப்போன ஒன்றுக்கு வெளியே உருவம் கொடுக்கிறது என்று நான் வாசிக்கிறேன். கல்லாகி விழும் வேளையிலும் அவள் என்ன கேட்கிறாள்? "பிழைத்தது பொறுத்தல் என்றும் பெரியவர் கடனே என்பர்" என்கிறாள். தெரியாமல் நடந்தது என்று சொல்லவில்லை. இந்திரன் ஏமாற்றினான் என்று அவன் பெயரையும் எடுக்கவில்லை. பிழைத்தது என்று தன் வாயாலேயே ஏற்கிறாள். விவிலியத்தின் தொடக்க நூலில், கனியை உண்டபின் ஆதாம் ஏவாளைக் காட்டுகிறான், ஏவாள் பாம்பைக் காட்டுகிறாள், இருவருமே மரங்களுக்கிடையில் ஒளிந்துதான் இருந்தார்கள். எங்கள் அகலிகை எவரையும் காட்டவில்லை. இதை ஒரு மேடையில் நின்று பெருமையோடு சொல்லவேண்டிய சமூகம், சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

பிறகு இராமனின் பாதத்துகள் பட்டு அவள் எழுந்தபின், கௌதமனிடம் விசுவாமித்திரன் சொல்வது: "நெஞ்சினால் பிழைப்பு இலாளை நீ அழைத்திடுக." உணர்ந்த பின்னும் விலகாதவள் எப்படி நெஞ்சினால் பிழைக்காதவள் ஆனாள்? கம்பனுக்குத் தான் முன்னே பாடியது மறந்துபோயிற்றா? ஒரு கட்சி முதற்பாட்டை மட்டும் வாசிக்கிறது, மறு கட்சி இரண்டாவதை மட்டும் வாசிக்கிறது, எத்தனையோ வருடங்களாக எங்கள் மேடைகளில் இதுவே நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை. நடுவில் கல் இருக்கிறது. அந்தக் கல்லுக்குள் ஒரு மனம் நெடுங்காலம் தன் பிழையோடு தனியே கிடந்திருக்கிறது என்று வாசித்தால் மட்டுமே இரண்டு பாட்டும் ஒரே புலவனின் பாட்டுகளாக நிற்கும். கல் என்றால் கல்தான் என்று வைத்துக்கொண்டால், கம்பன் முன்னுக்குப் பின் முரணாக எழுதியவன் என்றுதான் முடியும். கம்பனைக் காப்பாற்றியது அந்த மாணவி.

எல்லாவற்றையும் குறியீடாக்கத் தொடங்கினால் காப்பியத்தில் கதையே மிஞ்சாது என்கிறார்கள். உண்மை, அப்படி வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் இங்கே பிரச்சினை அதுவல்ல. பெண்ணியம் பேசுகிறீர்கள் என்று இன்னும் சிலர். கம்பன் எழுதியதை வரிவரியாக எடுத்துச் சொல்வதற்கு எந்த இயத்தின் பெயரும் தேவையில்லை. இதே ஊரில் ஆங்கில இலக்கிய வகுப்பில், சேக்ஸ்பியர் நாடகத்தின் மக்பெத் சீமாட்டி உறக்கத்தில் நடந்தபடி இல்லாத இரத்தக்கறையைக் கைகளில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதைக் குற்றவுணர்வு என்று ஆசிரியர் சொன்னால் பிள்ளைகள் மரியாதையோடு எழுதிக்கொள்கிறார்கள். ஒரு தமிழ்ப் பிள்ளை தமிழ்க் காப்பியத்தில் அதே ஆழத்தைக் கண்டால் மண்டபம் சிரிக்கிறது. எங்களுடைய நூலில் இவ்வளவு இருக்கும் என்று நாங்களே நம்பவில்லை என்பதுதானே இதன் பொருள்?

குற்றவுணர்வு மனிதரைக் கல்லாக்கும் என்பதை நான் எந்த நூலிலும் படித்து அறியவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில், யுத்தத்தின் நடுவே, யாழ்ப்பாணத்தின் வலிகாமமே இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது எங்கள் அம்மம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று பெரியம்மாவும் நம்பினார். சைக்கிள் கரியரில் தையல் மெசினைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, நாவற்குழிப் பக்கம் அந்தச் சனத்தோடு சனமாக உருட்டிப் போனார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அம்மம்மா இல்லை. பெரியம்மாவை எவரும் ஒரு சொல் சொன்னதில்லை. அம்மம்மா தானே மறுத்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மெசினைச் சுவரோரமாக வைத்துப் பழைய சீலையொன்றால் மூடியவர், பிறகு ஒருநாளும் அதைத் திறக்கவில்லை. ஊரின் பாதிச் சட்டைகளைத் தைத்த கை அது. கரியரில் ஒருவருக்கு மட்டுமே இடம் இருந்தது என்று ஒரே ஒருமுறை அம்மாவிடம் சொன்னாராம். விறாந்தைத் திண்ணையில் அவர் இருக்கும்போது, கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க நேரமெடுக்கும். இப்படியான பெரியம்மாக்களும் மாமாக்களும் இல்லாத வீடு இந்த மண்ணில் எத்தனை? அந்த மண்டபத்தில் சிரித்தவர்களின் வீடுகளிலும் இருந்திருப்பார்கள். அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அகலிகையைக் கூண்டில் ஏற்றாத வருடமே எங்கள் மேடைகளில் இல்லை. சபலத்தை மூட்டியவன், உருமாறி வந்தவன், கௌதமனை ஆசிரமத்திலிருந்து அகற்றத் திட்டமிட்டவன் இந்திரன். முனிவனின் சாபத்தால் அவனுடைய உடலில் விழுந்த ஆயிரம் அடையாளங்களும் தேவர்கள் போய் மன்றாடியதும் ஆயிரம் கண்களாயின. அவன் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டான். அவள் நெடுங்காலம் கிடந்தாள். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய சாப விமோசனத்தில், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது இராமன்தான் என்று சீதை வாயாலேயே கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். அதைப் பலர் அன்றைக்கும் ஏற்கவில்லை, இன்றைக்கும் ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கதையை முழுமையாக ஏற்கிறேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் கல்லுக்குப் பொருள் உண்டு என்பதைத் தமிழில் எழுதுபவன் எண்பது வருடத்துக்கு முன்பே அறிந்திருந்தான். கேட்டுக்கொண்டிருக்கும் நாங்கள்தான் இன்னும் அறியவில்லை.

மூத்தவர் ஒருவரைப் பொதுவெளியில் இப்படி எழுதலாமா என்று என்னிடம் தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: அவருடைய பெயரை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அவருடைய தமிழை நான் மதிக்கிறேன். அவருடைய உரைகளைக் கேட்டுத்தான் என்னைப் போன்றவர்கள் கம்பனுக்குள் நுழைந்தோம். ஆகவே இது எனக்கு இன்னும் கூடுதலாக வலிக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்றின் பேச்சு அத்தனை பேருக்கு முன்னால் வெட்டப்பட்டபோது மரியாதை பற்றி எவரும் கவலைப்படவில்லை; நான் எழுதியபின் மட்டும் எல்லோருக்கும் அது நினைவுக்கு வருகிறது. பிழை பொறுப்பது பெரியவர் கடன் என்று அகலிகை சொன்னாள். அங்கே பொறுப்பதற்குப் பிழைகூட இருக்கவில்லை, ஒரு நல்ல வாசிப்பு மட்டுமே இருந்தது.

அந்தப் பிள்ளை இதைப் படிப்பாள் என்று நம்புகிறேன். தங்கச்சி, உங்கள் வாதத்தில் விடுபட்ட ஓரிடத்தை மட்டும் சொல்கிறேன். அகலிகை எழுந்து, பழைய வண்ணத்தோடு நின்ற பிறகு, இராமன் அவளிடம் "மாதவன் அருள் உண்டாக வழிபடு, படர் உறாதே, போது நீ, அன்னை" என்கிறான். வருந்தாதே என்று அவன் சொல்லவேண்டியிருக்கிறது, கல்லுரு நீங்கிய பிறகும். சாபம் போயிற்று, வருத்தம் அவள் முகத்தில் அப்படியே இருந்திருக்கிறது. அதைக் கண்டுதான் அவன் அன்னை என்று கூப்பிட்டுத் தேற்றினான். கல் வெறும் தண்டனையாக இருந்திருந்தால், தண்டனை தீர்ந்த இடத்தில் இந்த ஆறுதலுக்கு வேலையே இல்லை. அகலிகைப் படலத்தின் முடிவில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அடுத்த மேடையில் முதலில் இந்தப் பாட்டைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கல்லுக்குப் போங்கள். இடையில் எவர் ஒலிவாங்கியை இழுத்தாலும் நிறுத்தவேண்டாம்.