மனு பாக்கப் போறவங்களுக்கு எந்த ஜெயில்னு மொதல்ல சொல்லுங்க

நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஒருத்தன கோர்ட்ல ரிமாண்டு பண்ணி ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்கன்னா வீட்டுப் பொம்பளையாளுக மறுநாள் காலைல மனு பாக்க, அதாவது உள்ள இருக்கவன நேர்ல பாத்துப் பேச, நேரா பாளையங்கோட்டை ஜெயில் வாசல்ல போயி நிப்பாவ. ஜெயில்னா நமக்கு பாளை தான தெரியும். ஆனா அந்தப் பையன் பாளைலதான் இருக்கானான்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. தூத்துக்குடி பக்கம் பேரூரணி ஜெயில்ல இருப்பான், இல்ல ஸ்ரீவைகுண்டம் கிளைச் சிறைல இருப்பான், பொம்பளையா இருந்தா கொக்கிரகுளம் பெண்கள் ஜெயில். வாசல்ல பேரத் தேடிப் பாத்துட்டு "இங்க அப்படி ஆள் இல்லம்மா"ன்னு சொன்ன பெறகு அடுத்த பஸ் ஏறி ஓடணும், போய்ச் சேரதுக்குள்ள மனு வாங்குற நேரம் முடிஞ்சிரும், அன்னைக்குப் பொழப்பும் போச்சு.

நான் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், ஆன்லைன் அப்ளிகேஷனும் போட்டுக் குடுப்பேன். அதனால இந்த ஆட்கள அடிக்கடி பாக்கேன். கொஞ்ச நாளைக்கு முன்ன ஆலங்குளம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா வந்தாவ. பீடி கார்டு, ஆதார், ரேஷன் கார்டு எல்லாத்தயும் ஒரே பிளாஸ்டிக் கவர்ல போட்டு ரப்பர் பேண்ட் சுத்தி வச்சிருந்தாவ. வெரல் நுனியெல்லாம் பீடித்தூள் வாசம். மகன புடிச்சிட்டுப் போயிட்டாவ, பாக்கணும், கம்ப்யூட்டர்ல பதிஞ்சா பாக்கலாமாமே தம்பின்னாவ. ஈ-முலாகாத்னு அரசாங்க வெப்சைட் இருக்கு, உண்மதான், நேர்லயும் பாக்கலாம் வீடியோலயும் பேசலாம், நம்ம பதிஞ்சா போனுக்கு ஓ.டி.பி வரும், பெறகு ஜெயில்ல ஓகே பண்ணணும். ஆனா அதுல மொதல்லயே கேக்கது எந்த மாநிலம், எந்த ஜெயில். அந்தக்காவுக்கு அது தெரியல. "நீங்களே பாத்துப் போடுங்க தம்பி"ங்காவ. நான் எதப் போட? ஸ்டேஷனுக்குப் போன் போட்டா கோர்ட்ல கேளுங்காவ, வக்கீல் யாருன்னா வக்கீலே இன்னும் வைக்கல. ஸ்டேஷன்ல கேஸுக்குப் போடுத கிரைம் நம்பர் கேட்டா அதும் தெரியாது. பீடி சுத்துத தட்டத் தூக்கி ஓரமா வச்சிட்டு வந்த பொம்பளைக்கு அன்னைக்குக் கூலி இல்ல. அவ்வளவு தூரம் வந்துட்டு கடை பெஞ்சில உக்காந்து எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாவ. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

சட்டத்துல இல்லையான்னா இருக்குங்க. கைது பண்ணுனா சொந்தக்காரங்களுக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லணும், எங்க வச்சிருக்கோம்னும் சொல்லணும். போலீஸ் காவல் பத்தின டி.கே.பாசு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இத அழுத்தமா சொல்லிருக்கு, இப்ப 2024 ஜூலைல இருந்து அமல்ல இருக்க பி.என்.எஸ்.எஸ்-ங்கிற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துலயும் 48ஆவது பிரிவா இருக்கு. ஆனா நடைமுறைல அந்தத் தகவல் ஸ்டேஷனோட நின்னுருது. மாஜிஸ்ட்ரேட் ரிமாண்டு பண்ணி வண்டில ஏத்துன பெறகு வண்டி எந்தப் பக்கம் போச்சுன்னு வராண்டால நிக்க அம்மாகிட்ட சொல்ல ஆள் கெடையாது.

முன்னல்லாம் இதுக்கு ஒரு சின்ன வழி இருந்துச்சு. ரிமாண்டு நீட்டிக்க 15 நாளைக்கு ஒருக்கா கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வருவாவ, வீட்டாளுக வராண்டால நின்னு மூஞ்சியப் பாத்துக்கிடுவாவ, காவலுக்கு வந்த போலீஸ் நல்ல மனுசனா இருந்தா ரெண்டு வார்த்த பேசிக்கிடலாம். இப்ப அந்த நீட்டிப்பெல்லாம் பெரும்பாலும் வீடியோலயே முடிஞ்சிருது. போலீஸுக்கு அலைச்சல் மிச்சம், அது சரிதான், நான் குத்தம் சொல்லல. ஆனா அதனாலேயே இப்ப ஜெயில் மனு ஒண்ணுதான் இந்த சனங்களுக்கு மிச்சம் இருக்கு, அதையாவது ஒழுங்கா பாக்க விடணும்லா.

"தப்பு பண்ணவனுக்கு எதுக்குய்யா இவ்வளவு சலுகை"ன்னு கமெண்ட் வரும்னு தெரியும். சலுகை இல்லங்க இது. 1981ல பிரான்சிஸ் கோரலி முல்லின் கேஸ்னு ஒண்ணு, விசாரணையே இல்லாம தடுப்புக் காவல்ல வச்சிருந்த பொம்பளை, நம்ம ஊர்ல குண்டர் சட்டம் (குண்டாஸ்) போடுதாங்கள்ல அது மாதிரி. அவங்களோட அஞ்சு வயசுப் பொண்ண மாசத்துக்கு ஒருக்காதான் பாக்கலாம்னு ரூல் வச்சிருந்தாங்க. சுப்ரீம் கோர்ட் அந்த ரூலே செல்லாதுன்னு சொல்லிச்சு, வீட்டாளுகளயும் நண்பர்களயும் பாக்கது அரசியல் சட்டத்தோட 21ஆவது பிரிவு சொல்லுத உயிர் வாழ்ற உரிமைக்குள்ளயே வருதுன்னு தீர்ப்பு. அதும் போக 2022 தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கப் பாருங்க, நாட்டுல ஜெயில்ல இருக்கவங்கள்ல நூத்துக்கு 75 பேருக்கு மேல விசாரணைக் கைதிங்க. தப்பு பண்ணானா இல்லையான்னு இன்னும் கோர்ட் சொல்லவே இல்ல.

சரி அவன விடுங்க, அவன் உண்மையிலயே பண்ணிருக்கான்னே வச்சுக்கிடுங்க. வாசல்ல பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு நிக்காளே அவ என்ன பண்ணா? சோதனை போடணும், போடட்டும். கஞ்சாவும் செல்போனும் உள்ள போகுதுன்னு ஜெயில்காரங்களுக்கும் பயம் இருக்கு, நியாயம்தான். ஆனா சோதனை போடுததுக்கு நாயே பேயேன்னு பேசணும்னு எந்த ரூல்லயும் இல்ல.

இன்னொண்ணும் இருக்கு, எனக்கு இதுதான் பெருசாப் படுது. உள்ள இருக்கவன் ஒடம்புல அடி பட்டிருக்கா, நடை ஒரு மாதிரி இருக்கா, கண்ணு வீங்கியிருக்கான்னு மொதல்ல கண்டுபிடிக்கது பெத்தவதான். 2020 ஜூன்ல கொரோனா நேரம், மனுவெல்லாம் நிப்பாட்டி வச்சிருந்தாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல அடி வாங்குன சாத்தான்குளத்து அப்பாவும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனது அந்தச் சமயத்துலதான். அடுத்தடுத்து ரெண்டு பேரும் செத்துப் போனாங்க. அதுக்கப்புறமும் நம்ம மாவட்டங்கள்ல மனுவ ஏதோ பொழுதுபோக்குக்குப் பாக்க போற மாதிரி பேசுதத கேக்கும்போது வயிறு எரியுது.

அதனால நான் கேக்கது ரொம்பச் சின்ன விஷயம். ரிமாண்டு ஆன அன்னைக்கே கோர்ட்லயே வீட்டாளுக கைல ஒரு சீட்டு குடுங்க. தமிழ்ல. எந்த ஜெயில், கிரைம் நம்பர் என்ன, மனு எந்தெந்தக் கிழமை எத்தன மணிக்குள்ள, ஆதார் ஒரிஜினல் கொண்டு போகணும், எத்தன பேர் போகலாம், கேன்டீன் செலவுக்குப் பணம் எங்க கட்டணும், வக்கீல் வைக்க வசதி இல்லன்னா இலவச சட்ட உதவிக்கு 15100க்கு போன் பண்ணணும். அவ்வளவுதான், அரைப் பக்கம் வராது. வக்கீல் சங்கத்துக்காரங்க யாராவது இதப் படிச்சா ஜெயில்ல விசாரிச்சு சரியான கிழமை நேரத்த மட்டும் எழுதிக் குடுங்க அண்ணாச்சி, டைப் பண்ணி பிரிண்ட் போட்டு கட்டு கட்டா குடுக்கது எம் பொறுப்பு, காசு வேண்டாம்.