ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் பேராஃபிரேஸ் கருவியும்

இன்ஜினியரிங் ஃபைனல் இயர் மாணவர்கள் கையில் இருக்கும் மென்பொருள்களில் அதிகக் கெடுதல் செய்வது, வாக்கியத்தை வேறு சொற்களில் மாற்றித் தரும் பேராஃபிரேஸ் கருவிதான். மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் சிமிலாரிட்டி சதவீதத்தைக் குறைக்க, முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் லிட்ரேச்சர் ரிவ்யூவை அப்படியே அதில் போட்டு எடுக்கிறார்கள். எது கலைச்சொல், எது சாதாரணச் சொல் என்று அதற்குத் தெரியாது. 2021இல் கியோம் கபனாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள், அச்சான கட்டுரைகளிலேயே இப்படிச் சிதைந்த சொற்களைத் தோண்டி எடுத்தார்கள். 'சிக்னல் டு நாய்ஸ்' என்பது சொல்லுக்குச் சொல் மாறி 'ஃப்ளாக் டு கமோஷன்' ஆகியிருந்தது! வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டால் பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள்?

ஆங்கிலப் பிழை திருத்தும் கிராமர்லி பரவாயில்லை. ஆனால் அது பார்ப்பது மொழியைத்தான், பொறியியலை அல்ல. 'கான்கிரீட்டின் வலிமை கணிசமாகக் கூடியது' என்று ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதினால் விட்டுவிடும். எந்த கிரேடு, 150 மிமீ க்யூபா, 28ஆம் நாள் சோதனையா, மூன்று க்யூப்களின் சராசரி எத்தனை மெகாபாஸ்கல், அதில் ஏதாவது ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகியதா? இதையெல்லாம் ப்ராஜெக்ட்டை வழிநடத்தும் கைடுதான் கேட்க வேண்டும்.

கட்டளைகள் எழுதி ஆவணத்தை வடிவமைக்கும் லேடெக்ஸ் பக்கம் எல்லாரையும் தள்ளவும் வேண்டாம். சமன்பாடுகள் நிறைய இருந்தால், லேடெக்ஸை இணையத்திலேயே எழுத உதவும் ஓவர்லீஃப் நல்லது. மற்றவர்களுக்கு வேர்டே போதும், ஸ்டைல்ஸ் தெரிந்திருந்தால். அத்தியாயத் தலைப்புக்கு 'ஹெடிங் 1' கொடுத்து, மல்டிலெவல் லிஸ்ட்டில் எண்ணை இணைக்க வேண்டும். எண்ணைக் கையால் அடித்தால் படத்தின் கீழ் வரும் கேப்ஷனில் 'படம் 3.2' என்று அத்தியாய எண் தானாக வராது. படத்தைக் குறிப்பிடும் இடத்தில் கிராஸ் ரெஃபரன்ஸ் போடுங்கள். பிறகு நடுவில் ஒரு படத்தைச் சேர்த்தாலும் கன்ட்ரோல் ஏ, எஃப்9 அழுத்தினால் எண்கள் எல்லாம் சரியாகிவிடும். ஏதாவது கேப்ஷனை அழித்திருந்தால் அங்கே 'எரர்!' என்று வந்து நிற்கும். பிரிண்டுக்குக் கொடுக்கும் முன் அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.

மேற்கோள் நூல்பட்டியலைப் பராமரிக்கும் ஸொட்டீரோ இலவசம். பொறியியல் கட்டுரைகளில் வழங்கும் ஐஇஇஇ மேற்கோள் பாணியைத் தேர்ந்தெடுத்தால் சதுர அடைப்புக்குறி எண்களை அதுவே வரிசைப்படுத்தும். ஆனால் இணையத்திலிருந்து இழுக்கும் விவரங்களில் சில சமயம் கருத்தரங்கின் பெயர் விடுபடும், தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வரும். அதை ஸொட்டீரோவுக்குள்ளேயே திருத்துங்கள். வேர்டில் திருத்தினால் அடுத்த ரெஃப்ரெஷில் பழையபடி ஆகிவிடும்.

கைடுகளுக்கு ஒன்று: ரிப்போர்ட்டை முதல் ரிவ்யூவிலிருந்தே கூகுள் டாக்ஸில் வாங்குங்கள். வாக்கியத்தை நீங்களே திருத்திக் கொடுக்காமல், 'அட்டவணை 4.2இல் அலகு எங்கே?' என்று கமெண்ட் போடுங்கள். மாணவர் அதை எப்படிச் சரிசெய்தார் என்பதை வெர்ஷன் ஹிஸ்டரியில் பார்க்கலாம். மூன்று பக்கம் ஒரேயடியாக வந்து விழுந்திருந்தால் அதுவும் தெரியும்.